கணக்குப் போட்டுப் பார்க்காத முடிவு பகுத்தறிவுக்கு ஒவ்வாததா?

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குக் கூடுதல் சம்பளத்தில் வேறொரு வேலை கிடைத்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருக்கும் இடத்திலேயே தொடர முடிவு செய்திருக்கிறார். நண்பர் ஒருவர் இரண்டு வேலைகளையும் அட்டவணையில் போட்டு, ஒவ்வொரு அம்சத்துக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டிக் காட்டி, "நீ எடுத்தது பகுத்தறிவுக்கு ஒத்த முடிவே இல்லை" என்கிறார். போதாததற்கு, மனிதர்கள் எல்லாருமே பகுத்தறிவு இல்லாமல்தான் முடிவெடுக்கிறார்கள் என்று உளவியல் நிரூபித்துவிட்டதாகவும் கேள்வி கேட்டவர் படித்திருக்கிறார். பகுத்தறிவு என்பதற்கு இந்தக் கூட்டல் கணக்கைத் தாண்டி விரிவான பொருள் உண்டா என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எந்த அளவுகோலை வைத்து அளக்கிறோம்? அந்த அளவுகோலில் மனிதர்கள் உண்மையிலேயே தோற்றுவிட்டார்களா? முடிவெடுத்தல் கோட்பாட்டைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தனிப்பட்ட வேலை ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

முதலில் அந்தக் கூட்டல் கணக்குக்குப் பின்னால் இருக்கும் குறுகிய அளவுகோல். கணிதவியலாளர் ஜான் வான் நியூமனும் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் வகுத்தது அது. நிகழ்தகவு தெரியாத இடங்களுக்கும் அதை 1954இல் நீட்டியவர் புள்ளியியலாளர் லியனார்ட் சாவேஜ். பலரும் நினைப்பது போல அதில் பணத்தைப் பற்றியோ சுயநலத்தைப் பற்றியோ ஒன்றும் இல்லை. உங்கள் விருப்பங்கள் ஒன்றோடொன்று முரண்படக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஒன்றை இரண்டாவதைவிடவும், இரண்டாவதை மூன்றாவதைவிடவும் விரும்பினால், முதலாவதை மூன்றாவதைவிட விரும்ப வேண்டும். இப்படிச் சில நிபந்தனைகள். எதை விரும்ப வேண்டும் என்று அது சொல்வதே இல்லை. ஆக, சம்பளத்தைவிட மாலையில் நேரத்தோடு வீடு திரும்புவது உங்களுக்குப் பெரிது என்றால், அந்தக் கோட்பாடு உங்களை ஒரு கேள்வியும் கேட்காது. நண்பரின் அட்டவணையில் சம்பளத்துக்கு எவ்வளவு எடை, நிம்மதிக்கு எவ்வளவு எடை என்று தீர்மானித்தது யார்? அவரே என்றால், அந்தக் கூட்டல் காட்டுவது அவர் என்ன செய்திருப்பார் என்பதைத்தான். உங்கள் முடிவில் தவறு கண்டுபிடிக்க அது உதவாது. இது ஐயத்துக்கு இடமில்லாத பகுதி.

சரி, அந்த அளவுகோலாவது கேள்விக்கு அப்பாற்பட்டதா என்றால், அதுவும் இல்லை. நான் வகுப்பில் தவறாமல் கொடுக்கும் ஒரு புதிர் இருக்கிறது. பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் மோரிஸ் அலே 1953இல் வெளியிட்டது. முதல் தேர்வு: ஒரு மில்லியன் உறுதியாகக் கிடைக்கும், அல்லது 10% வாய்ப்பில் ஐந்து மில்லியன், 89% வாய்ப்பில் ஒரு மில்லியன், 1% வாய்ப்பில் ஒன்றுமே இல்லை. பெரும்பாலோர் உறுதியான ஒரு மில்லியனை எடுப்பார்கள். இரண்டாவது தேர்வு: 11% வாய்ப்பில் ஒரு மில்லியன், அல்லது 10% வாய்ப்பில் ஐந்து மில்லியன். இங்கே பலரும் ஐந்து மில்லியன் பக்கம் போவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயமாகத்தான் படும். ஆனால் முதல் தேர்வின் இரு பக்கத்திலும் பொதுவாக இருக்கும் 'ஒரு மில்லியனுக்கு 89%' என்பதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது அப்படியே இரண்டாவது தேர்வுதான். அதாவது ஒரே கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறோம். 1952இல் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டின்போது, மதிய உணவு வேளையில் அலே இதைச் சாவேஜிடமே கேட்டிருக்கிறார். அந்தக் கோட்பாட்டை எழுதிக்கொண்டிருந்தவரே 'முரண்பட்ட' பதிலைத்தான் சொன்னார். பிறகு சாவேஜ், அது தன் பிழை என்று சொல்லிப் பதிலை மாற்றிக்கொண்டார். அலேயோ, பிழை கோட்பாட்டில்தான் என்றார்.

என் மாணவர்களும் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். கணக்கைக் காட்டியதும் சிலர் பதிலை மாற்றுவார்கள். மற்றவர்கள் அசையவே மாட்டார்கள். "கையில் இருந்ததை அந்த 1%இல் தொலைத்துவிட்டால், என்னை நானே மன்னிக்க மாட்டேன்" என்பது அவர்கள் வாதம். வருத்தமும் விளைவின் ஒரு பகுதிதானே என்று கேட்டால், என்னால் மறுக்க முடியாது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த முடிவுக்கும் இப்படி ஒரு மனக்காரணத்தைச் சேர்த்து நியாயப்படுத்தலாம் என்று ஆகிவிட்டால், பிறகு தப்பான முடிவு என்று ஒன்றே இருக்காது. விரிவான பார்வை வேண்டும் என்பவர்கள் எல்லாரும் முட்டி நிற்கும் இடம் இது. என்னிடமும் இதற்கு முழுத் தீர்வு கிடையாது.

ஹெர்பர்ட் சைமன் இதை வேறு பக்கத்திலிருந்து உடைத்தார். 1955, 1956ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளிலிருந்துதான் விரிந்த பார்வை தொடங்குகிறது என்பேன். எல்லா வழிகளையும் பட்டியலிட்டு, எல்லா விளைவுகளையும் எடைபோட்டு, சிறந்ததை எடு என்பது செய்ய முடியாத கட்டளை. சதுரங்கத்தில் விதிகள் முழுக்கத் தெரியும், ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அப்படியும் சாத்தியமான ஆட்டங்கள் 10இன் 120ஆம் அடுக்கு அளவில் இருக்கும் என்று கிளாட் ஷானன் 1950இல் கணக்கிட்டார். வாழ்க்கையில் விதிகளே முழுதாகத் தெரியாது. ஆகவே மனிதர்கள் 'இது கிடைத்தால் போதும்' என்று ஒரு மட்டத்தை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டும் முதல் வழி வந்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள் என்றார் சைமன். சோம்பேறித்தனம் போலத் தோன்றும், ஆனால் "இன்னும் எவ்வளவு தேடலாம்?" என்பதையும் கணக்குப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்றால், அந்தக் கணக்குக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று இன்னொரு கணக்கு வேண்டும், அதற்கும் ஒன்று வேண்டும். எங்காவது கணக்கில்லாமல் நிறுத்தித்தான் ஆக வேண்டும். மனத்தின் திறனும் சூழலின் அமைப்பும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள், ஒன்றை மட்டும் பார்த்தால் அது எப்படி வெட்டுகிறது என்று புரியாது என்று பின்னாளில் அவர் எழுதினார். 1978இல் பொருளாதார நோபல் அவருக்குக் கிடைத்தது.

இனி, மனிதர்கள் தோற்றுவிட்டார்களா என்ற கேள்வி. இதற்கு எல்லாரும் மேற்கோள் காட்டுவது உளவியலாளர்கள் டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரின் ஆய்வுகளை. 1981இல் வந்த ஒன்று: ஒரு நோய் 600 பேரைக் கொல்லும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஒரு திட்டத்தில் 200 பேர் உறுதியாகப் பிழைப்பார்கள்; இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் 600 பேரும் பிழைப்பார்கள், இல்லையென்றால் ஒருவரும் பிழைக்க மாட்டார்கள். 72% பேர் உறுதியானதைத் தேர்ந்தார்கள். அதே திட்டங்களை "400 பேர் உறுதியாக இறப்பார்கள்" என்று மாற்றிச் சொன்னதும், இன்னொரு குழுவில் 78% பேர் மற்றதைத் தேர்ந்தார்கள். எண்கள் மாறவில்லை, சொன்ன விதம் மட்டும்தான் மாறியது. '200 பேர் பிழைப்பார்கள்' என்றால் 'குறைந்தது 200 பேர்' என்று கேட்பவர் புரிந்துகொள்ளக்கூடும், அதனால் இது முழுக்க முரண்பாடு இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. இருந்தாலும், சொல்லும் விதம் முடிவை மாற்றுகிறது என்பது திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. அதே அளவு ஆதாயத்தைவிட இழப்பு மனத்தில் பெரிதாகப் படும் என்பது போன்றவற்றைச் சொல்லும் அவர்களுடைய 1979ஆம் ஆண்டுக் கோட்பாட்டின் முக்கியச் சோதனைகளை 19 நாடுகளில் மறுபடி செய்துபார்த்து 2020இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் அதே முடிவுகள்தான் வந்தன.

ஆனால் இதிலிருந்து 'மனிதமூளை நிகழ்தகவுக்கு லாயக்கில்லை' என்று தாவுவது சரியில்லை. ஒரு புகழ்பெற்ற கணக்கைப் பார்ப்போம். மார்பகப் புற்றுநோய் 1% பெண்களுக்கு இருக்கிறது. இருந்தால் பரிசோதனை 80% நேரம் கண்டுபிடிக்கும். இல்லாதவர்களிலும் 9.6% பேருக்கு இருப்பதாகத் தவறாகக் காட்டும். ஒரு பெண்ணுக்கு இருப்பதாக முடிவு வந்தால், உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? இப்படிக் கேட்டால் மருத்துவர்களே 70, 80% என்று சொல்லிவிடுகிறார்கள். இதையே ஆட்களாக எண்ணிப் பாருங்கள். 1,000 பெண்கள். 10 பேருக்கு நோய். அவர்களில் 8 பேருக்கு இருப்பதாகக் காட்டும். மீதி 990 பேரில் சுமார் 95 பேருக்கும் இருப்பதாகத் தவறாகக் காட்டும். மொத்தம் 103 பேர், அதில் உண்மையான நோயாளிகள் 8. விடை 8% அளவுதான். உளவியலாளர்கள் கெர்ட் கிகரன்சரும் உல்ரிக் ஹோஃப்ராகேயும் 1995இல் இத்தகைய கணக்குகளை இரு வடிவத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். விழுக்காட்டு வடிவத்தில் சரியாக யோசித்த விடைகள் 16%. ஆட்களாக எண்ணும் வடிவத்தில் 46%. அதே மனிதர்கள், அதே மூளை. ஒரு பக்கம் இது, குறை மனித மூளையில் இல்லை, கேள்வியின் வடிவத்தில்தான் என்று வாதிடும் கிகரன்சரின் வெற்றி. இன்னொரு பக்கம், நல்ல வடிவத்தில் கொடுத்தும் பாதிக்கு மேல் தவறவிட்டார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. 'மனிதர்கள் முட்டாள்கள்' கட்சி, 'கேள்வி கேட்டவிதம்தான் தப்பு' கட்சி இரண்டுக்கும் முழு ஆதரவு இல்லை.

கிகரன்சர் தரப்பின் வலுவான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. வாய்ப்புகளின் அளவு தெரிந்த இடர் வேறு, அளவே தெரியாத நிச்சயமின்மை வேறு என்று ஃபிராங்க் நைட் 1921லேயே பிரித்துக் காட்டினார். சூதாட்டப் பலகை முதல் வகை. வேலை மாற்றம், திருமணம், தொழில் தொடங்குவது எல்லாம் இரண்டாம் வகை. சாவேஜே தன் கோட்பாடு, எல்லாச் சாத்தியங்களும் விளைவுகளும் முன்கூட்டியே தெரிந்த 'சிறிய உலகங்களுக்கு' மட்டும்தான் பொருந்தும் என்று எழுதியிருக்கிறார். அவரைப் பின்பற்றியவர்கள்தான் அந்த வரியை மறந்துபோனார்கள். பெரிய உலகத்தில் எளிய விதிகள் சில நேரம் கனமான கணக்குகளை வென்றுவிடுகின்றன. முதலீட்டை எப்படிப் பிரிப்பது என்பதற்கு 14 வெவ்வேறு மாதிரிகளை, 'எல்லாவற்றிலும் சமமாகப் போடு' என்ற விதியோடு ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், எந்த மாதிரியும் அந்த எளிய விதியைத் தொடர்ந்து வெல்லவில்லை. 25 பங்குகள் என்றால், வெல்வதற்குச் சுமார் 3,000 மாதத் தரவு வேண்டும் என்று கணித்தார்கள். அதாவது 250 ஆண்டுகள்! நவீன முதலீட்டுக் கணக்கை உருவாக்கி 1990இல் நோபல் வாங்கிய ஹாரி மார்கோவிட்ஸ், தன் ஓய்வூதியச் சேமிப்பைப் பங்குக்கும் கடன்பத்திரத்துக்கும் பாதிப்பாதியாகத்தான் பிரித்தாராம். பின்னால் வருத்தப்படக் கூடாது என்பதுதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். வருத்தம் மறுபடியும் வந்துவிட்டது, பாருங்கள்.

அடுத்து, உணர்ச்சி. உணர்ச்சி பகுத்தறிவுக்கு எதிரி என்ற பழைய எண்ணத்துக்கு அடி கொடுத்தவர் நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ. நெற்றிக்குப் பின்னால் மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்ட நோயாளிகளிடம் அவர் கண்டது இது: அறிவுத்திறன் சோதனைகளில் குறையே தெரியாது, ஆனால் முடிவெடுக்க முடியாது. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொன்னபோது, ஒருவர் நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, முந்தைய வேலைகள், வானிலை என்று ஒவ்வொரு காரணமாக அரைமணி நேரத்துக்கு அலசிக்கொண்டே இருந்தார். கடைசியில் டமாசியோ இரண்டாவது தேதிக்கு வாருங்கள் என்றதும், "சரி" என்று உடனே கிளம்பிவிட்டார். கணக்குப் போடும் திறன் அப்படியே இருந்தது. 'இது போதும், விடு' என்று சொல்லும் ஏதோ ஒன்றுதான் இல்லை. இந்த நோயாளிகளின் சிரமம் உண்மை. ஆனால் உடலில் எழும் உணர்வுகள்தான் முடிவை வழிநடத்துகின்றன என்று அவர் கொடுத்த விளக்கம் இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. எந்தச் சீட்டுக்கட்டு நட்டம் தரும் என்பதை அறிவுக்கு முன்பே உடல் உணர்ந்துவிடுகிறது என்று காட்ட அவர் குழு செய்த சோதனையில், பங்கேற்றவர்களுக்கு எந்தக் கட்டு நல்லது என்று தெரிந்தேதான் இருந்தது என்று 2004இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அப்புறம், உள்ளுணர்வை எப்போது நம்பலாம்? தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை வியந்து ஆராய்ந்த கேரி கிளைனும், உள்ளுணர்வைச் சந்தேகித்தே பெயர்பெற்ற கானமனும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை போடப்போகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒத்துப்போய்விட்டார்கள். இரண்டு நிபந்தனைகள்: சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்ததன் பலன் சரியா தப்பா என்று கற்றுக்கொள்ளப் போதிய வாய்ப்பு இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு விளைவு நிமிடங்களில் தெரிந்துவிடும். அரசியல் முன்கணிப்பு சொல்பவருக்குத் தெரிய வருடங்கள் ஆகும், தெரிந்தாலும் சாக்குச் சொல்லிவிடலாம்; ஃபிலிப் டெட்லாக் 284 நிபுணர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்தபோது அவர்களின் கணிப்புகள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உங்கள் விஷயத்தில், 'அந்த நிறுவனம் தேறாது' என்று உங்கள் மனம் சொன்னால் நான் அதற்கு அதிக மதிப்புத் தரமாட்டேன். 'அந்த மேலாளரின் கீழ் என்னால் தினமும் வேலை செய்ய முடியாது' என்று சொன்னால் கவனிப்பேன். மனிதர்களோடு பழகிய அனுபவம் உங்களுக்கு நிறைய இருக்கிறது, பலனும் உடனுக்குடன் தெரிந்திருக்கிறது.

இதுவரை சொன்னது எல்லாம் வழிகளைப் பற்றி. இலக்குகளைப் பகுத்தறிவு கேள்வி கேட்கலாமா என்பதில் தத்துவவாதிகள் இன்னும் உடன்படவில்லை. முடியாது, பகுத்தறிவு விருப்பங்களுக்கு ஏவல் செய்வது மட்டும்தான் என்றார் டேவிட் ஹியூம். பலனுக்காகச் செய்வது, மதிப்புக்காகச் செய்வது இரண்டுமே பகுத்தறிவின் வகைகள்தான் என்று பிரித்தார் மாக்ஸ் வேபர். அமர்த்தியா சென் 1977இல் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது: எல்லாச் செயலையும் தன் ஒரே விருப்ப வரிசையை வைத்துத் தீர்மானிப்பவன் சமூக விஷயத்தில் ஏறக்குறைய மடையன் என்கிறார். தனக்கு நட்டம் என்று தெரிந்தும் கொடுத்த வாக்குக்காக ஒன்றைச் செய்பவரை அந்த ஒற்றை வரிசையால் விளக்கவே முடியாது. உடன் வேலை செய்பவர்களை நட்டாற்றில் விடக் கூடாது என்பதற்காகத் தங்கியிருந்தால், உங்கள் முடிவு இந்த வகை. அந்தக் கடப்பாடு உண்மையானதா, சாக்கா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் சொந்தக் கருத்து: உண்மைகள் முழுதும் தெரிந்த பிறகும், ஆற அமர யோசித்த பிறகும் நிலைக்கும் விருப்பத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, தெரிந்ததுமே கலைந்துபோவதற்கு இல்லை.

இந்தத் துறையின் எல்லா முடிவுகளும் ஒரே அளவு உறுதியானவை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற பிரபலமான கருத்தைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து 2016இல் சோதித்தபோது, சொல்லத்தக்க விளைவு எதுவும் வரவில்லை. படிவத்தின் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்ற 2012ஆம் ஆண்டு ஆய்வு 2021இல் திரும்பப் பெறப்பட்டது. புத்தகக் கடைகளில் பகுத்தறிவு பற்றி விற்பனையாகும் பல சுவையான கதைகள் இந்தத் தரத்தில்தான் இருக்கின்றன. சொல்லும் விதத்தின் தாக்கம், இழப்பின் மீதான அச்சம், இருப்பதை விட்டு நகரத் தயக்கம் போன்றவை இவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கின்றன.

அந்தக் கடைசித் தயக்கம் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விரிந்த பார்வை என்பது எதையும் அனுமதிக்கும் சீட்டு இல்லை. கேள்வியைத் தலைகீழாகத் திருப்புங்கள்: நீங்கள் ஏற்கெனவே அந்தப் புது வேலையில் இருக்கிறீர்கள், இப்போதைய வேலை குறைந்த சம்பளத்தில் உங்களைத் தேடி வருகிறது. மாறுவீர்களா? மாறுவேன் என்று தயங்காமல் சொல்ல முடிந்தால், உங்கள் விருப்பம் உண்மையானது. அட்டவணை என்ன சொன்னாலும் கவலையில்லை. இங்கேயும் இருக்கும் இடத்திலேயே இருப்பேன் என்று தோன்றினால், மாறுவதில் உள்ள சிரமத்தைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். சிரமமும் ஒரு காரணம்தான். ஆனால் சில மாதங்களில் தீரும் சிரமத்தைச் சில ஆண்டுகளுக்கான முடிவோடு வைத்து எடைபோடுங்கள்.

நண்பரோடு வாதிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உளவியலாளர் பீட்டர் வேசன் 1960களில் உருவாக்கிய ஒரு சோதனையில் நான்கு அட்டைகள் இருக்கும்; ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நம் எழுத்தில் சொன்னால் அ, க, 4, 7. ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும் என்பது விதி. விதி உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? அ, 7 என்பது விடை: 7க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி பொய்யாகிவிடும், 4க்குப் பின்னால் எது இருந்தாலும் விதிக்குக் கேடில்லை. பலரும் அ, 4 என்பார்கள். 1998இல் வெளியான ஓர் ஆய்வில் தனியாக யோசித்தவர்களில் 9% பேர்தான் சரியாகச் சொன்னார்கள். ஐந்தாறு பேர் கூடிப் பேசிய குழுக்களில் 75%. பகுத்தறிவு வளர்ந்ததே ஒருவரோடு ஒருவர் வாதிடுவதற்காகத்தான் என்று ஹியூகோ மெர்சியேயும் டான் ஸ்பெர்பரும் 2011இல் வாதிட்டதற்கு இது முக்கியச் சான்று. பரிணாமக் கதையைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதியில்லை. குழுவின் பலன் உறுதி. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: அட்டைப் புதிருக்கு ஒரே சரியான விடை இருக்கிறது, யாராவது விளக்கினால் மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள். எந்த வேலை உங்களுக்கு நல்லது என்பதற்கு அப்படிப்பட்ட விடை இல்லை. அதோடு, ஒத்த கருத்துள்ளவர்களே கூடிப் பேசினால் அவர்கள் பேசத் தொடங்கியபோது இருந்ததைவிடத் தீவிரமான நிலைக்குப் போய்விடுவதும் நன்கு பதிவான விஷயம். ஆகவே உங்கள் முடிவை ஏற்கெனவே பாராட்டியவர்களிடம் மறுபடி கேட்பதைவிட, அதை மறுத்த இந்த நண்பரிடமே, எந்த எடையை மாற்றினால் அவர் கணக்கு புரளும் என்று கேட்டுப் பாருங்கள்.